தூங்கும்போது எவ்வளவு குடிக்கிறது?

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாமா போன் செய்தார். "இன்னா மாப்ள, உன் பெட்டி விடியக்காலையிலேர்ந்து ஒண்ணும் சொல்லல. தூங்கிகினு கீதா, செத்துப்போச்சா?"

மண்ணின் ஈரத்தைப் பார்த்துச் சொல்ல நான் செய்த பெட்டியை அவர் நிலத்தில் நட்டுவிட்டு வந்தது முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஏழு மாதம் ஓடும் என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன். ஐந்தரை நாள்கூட முழுசாக ஓடவில்லை.

அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் பாதி முள்ளுக் கத்தரி. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் முள்ளு கத்தரிக்காய் அதுதான். காம்பைப் பிடித்துப் பறிக்கும்போது கையில் குத்தும், ஆனால் எண்ணெய்க் கத்தரிக்காய் குழம்புக்கு அதை விட்டால் வேறு காய் எனக்குப் பிடிக்காது. தண்ணீர் விட வேண்டுமா என்று பார்க்க மாமா செடி ஓரத்தில் விரலால் நோண்டி ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். உருண்டை பிடித்து நின்றால் நாளைக்குப் பார்க்கலாம். உதிர்ந்தால் இன்றைக்கே மோட்டார். நாற்பது வருடமாக இந்தக் கணக்கு தப்பியதில்லை. ஆனால் முழங்கால் வலி வந்த பிறகு கடைசி வரப்பு வரைக்கும் நடப்பது அவருக்குச் சிரமமாகிவிட்டது. அதற்காகத்தான் இந்தப் பெட்டியைச் செய்தேன். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை விழித்து, ஈரத்தைப் பார்த்து, வைஃபையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிட வேண்டும். வீட்டில் ரூட்டர் பக்கத்தில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டர் அதை வாங்கி மாமாவின் போனுக்குச் செய்தியாகத் தட்டிவிடும்.

பெட்டிக்குள் இருந்தது எல்லோரும் வாங்கும் அதே சாமான்தான். வைஃபையோடு வரும் சின்ன கணினிச் சிப் வைத்த ஓர் இஎஸ்பி32 போர்டு, ஈரம் பார்க்க மண்ணில் குத்தும் கெப்பாசிட்டிவ் சென்சார், ஒரு 18650 லித்தியம் செல், அந்தச் செல்லின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றும் சின்ன பூஸ்டர். இஎஸ்பி32 சிப்பின் டேட்டாஷீட்டில், அதாவது அதைச் செய்தவர்கள் தரும் விவரத்தாளில், டீப் ஸ்லீப் என்ற ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால்தான் ஒரு மில்லி. விழித்திருக்கும் நான்கு நொடிக்கு 110 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டேன். 900 நொடிக்குச் சராசரி போட்டால் அரை மில்லி ஆம்பியர். 2600 மில்லி ஆம்பியர் மணி செல்லை அதால் வகுத்தால் 5200 மணி நேரம், அதாவது ஏழு மாதம். ஒரு துண்டுத் தாளில் முடிந்த கணக்கு. இதில் தூக்கத்துக்கான 10 மைக்ரோ ஆம்பியரை நான் அளக்கவே இல்லை. டேட்டாஷீட்டில் படித்ததோடு சரி.

நான் வேலை செய்வது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில். இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். நாள் முழுக்க என் கையில் ஓடுவது 4-20 மில்லி ஆம்பியர்தான். தொட்டியின் மட்டம், நீரின் பிஎச், குழாயில் ஓட்டம், எதுவானாலும் கம்பியில் வரும்போது 4க்கும் 20க்கும் நடுவில் ஒரு எண். எங்களுக்கு 4 தான் பூஜ்யம். கம்பி அறுந்தால் உண்மையான 0 வரும், அதை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்போம். அந்தப் பக்கம் 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் 1 முதல் 5 வோல்ட்டாக மாறும், அதைத்தான் பிஎல்சி என்ற ஆலைக் கட்டுப்பாட்டுக் கணினி படிக்கும். இரண்டு கம்பி டிரான்ஸ்மிட்டர் என்றால் அதற்குள் இருக்கும் மின்னணு முழுவதும் அந்த 4 மில்லி ஆம்பியருக்குள்ளேயே பிழைத்தாக வேண்டும். இதையெல்லாம் தினம் பார்க்கிறவன் நான். ஆனால் 24 வோல்ட் சப்ளை எப்போதும் இருக்கும் இடத்தில் 10 மில்லி ஆம்பியரை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒற்றைச் செல்லுக்கு அதே 10 பெரிய சுமை. பத்தே முக்கால் நாளில் ஒரு நல்ல செல்லைக் காலி செய்துவிடும்.

சரி, பெட்டியை எடுத்து வந்து வாலாஜாப்பேட்டை வீட்டில் மேசை மேல் பிரித்துப் போட்டேன். வேலை இடத்து மீட்டர் வேலை இடத்தோடு. வீட்டில் இருப்பது மஞ்சள் நிற டிடி830, தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையிலும் தொங்கும் அதே மல்டிமீட்டர். இந்த வேலையை இதை வைத்துச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். முடியும். ஆனால் மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கரண்ட் அளக்க, செல்லின் பாசிட்டிவ் கம்பியை நடுவில் அறுத்து மீட்டரை அங்கே சேர்க்கிறோம். செல்லுக்கும் போர்டுக்கும் நடுவில் மீட்டரும் ஒரு ரெசிஸ்டராக உட்கார்ந்துவிடுகிறது. டிடி830 எந்த ரேஞ்சிலும் முழு அளவுக்கு 200 மில்லி வோல்ட்டைத்தான் படிக்கும். அதனால் 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் உள்ளே 1 ஓம், 20 மில்லிக்கு 10 ஓம், 2 மில்லிக்கு 100 ஓம், 200 மைக்ரோவுக்கு 1000 ஓம். சின்ன கரண்ட்டைப் பார்க்க வேண்டுமானால் பெரிய ரெசிஸ்டர் நடுவில் வந்தாக வேண்டும். நம் 250 ஓம் கதையேதான்.

இங்கேதான் சிக்கல். இந்த போர்டு தூங்கும்போது மைக்ரோவில் இருக்கும். வைஃபை அனுப்பும் கணத்தில் 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 10 மைக்ரோவுக்கும் 240 மில்லிக்கும் நடுவில் 24,000 மடங்கு. ஒரே ரேஞ்சில் இரண்டையும் பார்க்க முடியாது. தூக்கத்தைப் பார்க்க 20 மில்லி ரேஞ்சில் வைத்தேன். போர்டில் விழித்திருக்கும்போது எரியும் நீல எல்இடி ஒரு தடவை மின்னியது, அணைந்தது, மறுபடி மின்னியது. நொடிக்கு ஒரு தடவை. தூங்கவே இல்லை. வைஃபை எழும்பும்போது பூஸ்டர் செல்லிடம் 200 மில்லிக்கு மேல் கேட்கிறது. 10 ஓம் வழியாக அது வரும்போது 2 வோல்ட் மீட்டரிலேயே விழுந்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் 2 வோல்ட்டில் சிப் நிற்க முடியாமல், வோல்ட் குறைந்தால் தன்னை நிறுத்தும் ப்ரௌன்அவுட் காவலால் ரீசெட் ஆகிறது. எழுகிறது, விழுகிறது, எழுகிறது. மீட்டரைக் கழற்றி நேராக இணைத்தால் ஒரு குறையும் இல்லை. அளக்கப் போட்ட மீட்டரே போர்டைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

200 மில்லி ரேஞ்சுக்கு மாற்றினேன். முதல் தடவை நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை செல்லைச் சேர்த்தபோது போர்டு உயிர் பெறவே இல்லை, மீட்டரில் 0. போர்டு போய்விட்டதென்று வயிறு கலங்கியது. போயிருந்தது மீட்டருக்குள் இருந்த 200 மில்லி ஆம்பியர் ஃபியூஸ். செல்லைச் சேர்த்த கணத்தில் கெப்பாசிட்டர்கள் எல்லாம் ஒரே மூச்சில் நிரம்பும் அந்த முதல் இழுப்பு ஃபியூஸுக்குத் தாங்கவில்லை. 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது, ரெசிஸ்டரும் இல்லாத மாதிரிதான். ஆனால் அதன் கடைசி இலக்கமே 10 மில்லி ஆம்பியர். 0.01, 0.02 என்று ஊசலாடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தீர்வு ஒரு முதலை கிளிப் வயர். மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்த வயரால் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். கரண்ட் மீட்டருக்குள் போகாமல் வயர் வழியாகவே போகும். போர்டு எழும், வைஃபை பிடிக்கும், அனுப்பும், நீல எல்இடி அணையும். இரண்டு நொடி பொறுத்து கிளிப்பின் ஒரு முனையை மட்டும் எடுக்க வேண்டும். இப்போது தூக்கத்தின் கரண்ட் மட்டும் மீட்டருக்குள் வரும். ரேஞ்சைத் திருப்ப வேண்டுமானால் முதலில் கிளிப்பை மாட்டிவிட்டுத் திருப்ப வேண்டும். குமிழ் ஒரு ரேஞ்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்த நொடியின் துணுக்கில் தொடர்பு அறுந்து போர்டு மறுபடி ரீசெட் ஆகும். போர்டு விழிக்கும் நேரம் வருவதற்குள் கிளிப் மறுபடி மாட்டியிருக்க வேண்டும். சோதனைக்காகத் தூக்கத்தை ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே செய்தேன். யூஎஸ்பி கேபிளை மறக்காமல் கழற்றிவிடுங்கள். அது மாட்டியிருந்தால் போர்டு கம்ப்யூட்டரிடமிருந்து குடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் அளப்பது வெறும் மிச்சம்.

கிளிப்பை எடுத்தேன். 19.2 மில்லி ஆம்பியர்.

தூங்கும்போது. 10 மைக்ரோ என்று எழுதிவைத்த இடத்தில் 1,920 மடங்கு. செல்லை அதால் வகுத்து, விழித்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் சரியாக ஐந்தரை நாள்கிட்ட வருகிறது. மனசு ஒருவிதத்தில் நிம்மதியானது. செல் மோசமில்லை, புரோகிராமிலும் தப்பில்லை. யாரோ குடிக்கிறார்கள். யார் என்று ஒவ்வொருவராகப் பிடிக்க வேண்டும்.

முதலில் பூஸ்டரை எடுத்துவிட்டு, பழைய போன் சார்ஜரின் கேபிளை அறுத்து நேராக 5 வோல்ட் பின்னுக்குக் கொடுத்தேன். 11.7 மில்லி. 5 வோல்ட்டில் 11.7, செல்லின் 3.9 வோல்ட்டில் 19.2 ஆகிறது. ஏற்றுவதற்கான விகிதம் போக, கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே பூஸ்டரே தின்றுவிடுகிறது. அடுத்து ஈர சென்சாரின் வயரைப் பிடுங்கினேன். 6.9. அப்படியானால் அதற்கு மட்டும் 4.8. சிப் தூங்கினாலும் சென்சாருக்குள் இருக்கும் 555 டைமர் தூங்குவதில்லை, அதற்கு யாரும் சொல்லவில்லை. 3.3 வோல்ட் கம்பியில் நிரந்தரமாக மாட்டியிருந்தது என் தவறுதான். இப்போது அதை சிப்பின் ஒரு பின்னிலிருந்தே ஊட்டுகிறேன். அந்தப் பின் 5 மில்லி ஆம்பியரைத் தாராளமாகக் கொடுக்கும். அளக்கும் முன் பின்னை உயர்த்தி, கொஞ்சம் பொறுத்து, படித்துவிட்டு இறக்கிவிட்டால் போதும்.

பிறகு போர்டின் மூலையில் எப்போதும் எரியும் சிவப்பு எல்இடி. சாமி மாடத்து விளக்கு மாதிரி இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது, மூடிய பெட்டிக்குள். சால்டரிங் அயர்னின் நுனியை ஒரு பக்கம் வைத்து ஊசியால் தள்ளினேன், வந்துவிட்டது. 5.5. விளக்குக்கு மட்டும் 1.4 மில்லி ஆம்பியர். கணக்கும் ஒத்துப்போனது: 3.3 வோல்ட்டில் எல்இடிக்கு 1.9 போக மிச்சம் 1.4 வோல்ட், ரெசிஸ்டர் 1000 ஓம்.

மிச்சம் 5.5. இது எங்கே போகிறதென்று தெரிய, 5 வோல்ட் பின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று கால் சிப்பைப் பார்க்க வேண்டும். ஏஎம்எஸ்1117, 5 வோல்ட்டை 3.3 ஆக இறக்கும் ரெகுலேட்டர். கிட்டத்தட்ட எல்லா மலிவு போர்டிலும் இதுதான் இருக்கிறது. முதுகில் சுமை எதுவும் இல்லாவிட்டாலும் தனக்கென்று 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும், அதன் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. இன்னொரு குணம், தனக்கு மேலே 1.1 வோல்ட்டாவது கூடுதலாக வேண்டும். அதனால்தான் லித்தியம் செல்லை நேராக 5 வோல்ட் பின்னில் கொடுத்தால் ஓடுவதில்லை. 3.7 வோல்ட் உள்ளே போனால் 2.6 வெளியே வரும், வைஃபை எழும்பாது. பூஸ்டரை நான் போட்டதே இதற்காகத்தான். ஒரு பேராசைக்காரனுக்குச் சோறு போட இன்னொரு பேராசைக்காரனை வேலைக்கு வைத்த மாதிரி ஆகிவிட்டது.

பவர் பேங்க் வைத்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். பூஸ்டர் வாங்குவதற்கு முன்பே அதையும் செய்து பார்த்தேன். என்னிடம் இருந்த பவர் பேங்க், போர்டு தூங்கின அரை நிமிடத்தில் தானே அணைந்துவிட்டது. இழுப்பு குறைந்தால் போன் நிறைந்துவிட்டதென்று எடுத்துக்கொள்ளும் வகை அது. அப்புறம் போர்டை எழுப்ப ஆளில்லை.

ஆக, வழி 3.3 வோல்ட் பின். ரெகுலேட்டரையும் பூஸ்டரையும் தாண்டி அங்கே நேராகக் கொடுக்க வேண்டும். ஆனால் 18650 செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், சிப் 3.6க்கு மேல் தாங்காது. நடுவில் சிக்கனமான ஒரு ரெகுலேட்டர் வேண்டும். ஒரு நாள் வாலாஜா ரோட்டில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஹெச்டி7333 என்ற ரெகுலேட்டர் பத்து வாங்கி வந்தேன். தனக்கென்று எடுத்துக்கொள்வது 4 மைக்ரோ ஆம்பியர், மில்லி இல்லை. ஆனால் அது கொடுக்கக்கூடியது 250 மில்லி ஆம்பியர்தான். இஎஸ்பி32ஐச் செய்யும் எஸ்பிரெஸிஃப் கேட்பது 500 கொடுக்கும் சப்ளை. வைஃபை எழும்பும்போது பத்துக்கு மூன்று தடவை ப்ரௌன்அவுட் ஆனது. 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்ததும் பத்துக்கு ஒன்று. விளை நிலத்தில் பத்துக்கு ஒன்றும் எனக்குச் சம்மதமில்லை. அடுத்த தடவை அதன் அண்ணன் ஹெச்டி7833 வாங்கினேன். அதே 4 மைக்ரோ, ஆனால் 500 மில்லி கொடுக்கும். அதன் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

அதே தெருவில் 9800 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த 18650 செல்லும் மலிவாகக் கிடைத்தது. வாங்காதீர்கள். அந்த அளவு உருளைக்குள் உண்மையாக அடங்குவது 3500 பக்கம்தான். நான் வாங்கிய ஒன்றை வடித்துப் பார்த்தபோது 1100 வந்தது.

ஏஎம்எஸ்1117ஐக் கழற்றுவது கொஞ்சம் பொறுமையான வேலை. முதுகில் அகலமான தகடு, அது போர்டின் செம்போடு ஒட்டிச் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். தகட்டின் மேல் தாராளமாக ஈயம் போட்டு, மூன்று கால்களையும் ஈயத்தாலேயே ஒன்றாகக் கட்டி, மாற்றி மாற்றிச் சூடு காட்டினால் ஒரு கட்டத்தில் அப்படியே வழுக்கும், ட்வீசரால் தூக்கிவிடலாம். அவசரப்பட்டு இழுத்தால் கீழே இருக்கும் செம்பும் சேர்ந்து வந்துவிடும்.

அதை எடுத்து, புது ரெகுலேட்டர் வழியாக 3.3 வோல்ட் பின்னில் கொடுத்து, கிளிப்பை விடுவித்தபோது மீட்டரில் 0.18 மில்லி. முதல் தடவையாக மைக்ரோ ரேஞ்சுக்கு இறங்கினேன். 19.2லிருந்து 0.18. அன்றைக்கு இரவு ஒன்றரை மணி, வீட்டில் எல்லோரும் தூக்கம். அந்த எண்ணைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த 180 மைக்ரோவில் பெரும் பங்கு யூஎஸ்பி பேசும் சிபி2102 சிப்புடையது. என் போர்டில் அதுவும் 3.3 வோல்ட் கம்பியிலேயே தொங்குகிறது. போர்டுக்குப் போர்டு இது மாறும். வயலில் நட்ட பெட்டிக்கு யூஎஸ்பி எதற்கு? போர்டையே விட்டுவிட்டு, வெறும் இஎஸ்பி32 மாட்யூலை வாங்கி பொதுப் பலகை ஒன்றில் வைத்துச் சால்டர் செய்தேன். எனேபிள் பின்னுக்கு 10 கிலோ ஓம், பக்கத்தில் ஒன்றிரண்டு கெப்பாசிட்டர், புரோகிராம் ஏற்ற மூன்று கம்பி வெளியே, ஒரு பட்டன். அவ்வளவுதான். மீட்டரில் 36 மைக்ரோ ஆம்பியர்.

சிப்புக்கு 10, ரெகுலேட்டருக்கு 4. மிச்சம் 22 எங்கே? இரண்டு நாள் யோசித்தேன். கெப்பாசிட்டரைச் சந்தேகப்பட்டு எடுத்துப் பார்த்தால் 2 குறைந்தது. உண்மையான ஆள், செல்லின் வோல்ட்டைப் படிக்க நானே போட்டிருந்த இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். செல்லின் பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு 200 கிலோ ஓம், 4 வோல்ட்டுக்கு 20 மைக்ரோ ஆம்பியர், இரவும் பகலும். செல் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வைத்தது சிப்பைவிட இரு மடங்கு குடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் 1 மெகா ஓமாக மாற்றி, படிக்கும் பின்னுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்றைச் சேர்த்தேன். 18 மைக்ரோ ஆம்பியர். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தூக்கம் சரியானதும் விழிப்பு கண்ணில் பட்டது. விழித்திருக்கும் நேரத்தை அந்த மீட்டரால் பார்க்க முடியாது, நான்கு நொடிக்குள் எண்கள் பறந்துவிடும். இதற்கு ஐஎன்ஏ219 என்ற சின்ன மாட்யூல். அதன் மேல் 0.1 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, அதில் விழும் வோல்ட்டை 10 மைக்ரோ வோல்ட் படியில் படிக்கும். ஒரு படி என்பது 0.1 மில்லி ஆம்பியர். ஆகவே தூக்கம் இதற்குத் தெரியாது, விழிப்பு நன்றாகத் தெரியும், போர்டுக்கும் இது இருப்பது தெரியாது. ஆர்டுயினோ என்ற இன்னொரு சின்ன போர்டோடு சேர்த்து, இரண்டு மில்லி நொடிக்கு ஒரு எண் என்று கம்ப்யூட்டரில் கொட்டினேன். தூக்கம், விழிப்பு இரண்டையும் ஒரே கருவியில் பார்க்க நோர்டிக் நிறுவனத்தின் பவர் ப்ரொஃபைலர் கிட் 2 இருக்கிறது, 1 ஆம்பியர் வரை அளக்கும், ரேஞ்சைத் தானே மாற்றிக்கொள்ளும். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அதை வாங்கலாம். எனக்கு இந்த இரண்டு ஏழைக் கருவிகளும் போதுமாக இருந்தன.

4.1 நொடி, சராசரி 112 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 459. தூக்கத்தின் 18 மைக்ரோவை 900 நொடியால் பெருக்கினால் 16 தான். நான்கு நொடி விழிப்பு, பதினைந்து நிமிடத் தூக்கத்தைப் போல இருபத்தெட்டு மடங்கு தின்கிறது. எண்களைப் பார்த்தால் அந்த நான்கு நொடியில் பெரும்பகுதி ரூட்டரைத் தேடுவதும், ரூட்டரிடம் முகவரி கேட்டுக் காத்திருப்பதும். முகவரியை நிரந்தரமாக எழுதிக்கொடுத்தேன். ரூட்டர் எந்தச் சேனலில் இருக்கிறது, அதன் அடையாள எண் என்ன என்பதை, தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மறுதடவை விழிக்கும்போது தேடாமல் நேராகக் கதவைத் தட்டும். 4.1 நொடி 1.2 ஆனது, கரண்ட்டும் சராசரி 105க்கு இறங்கியது.

கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி காற்றும் மழையும். இலவம்பாடியில் கரண்ட் போய்ப் பதினொரு மணி நேரம் வரவில்லை. கரண்ட் இல்லை என்றால் ரூட்டர் இல்லை. ரூட்டர் கிடைக்கும் வரை காத்திரு என்று நான் எழுதியிருந்த ஒரு வரி, பெட்டியை அந்தப் பதினொரு மணி நேரமும் விழித்தே வைத்திருந்தது. காலையில் செல்லில் கிட்டத்தட்ட பாதி இல்லை. ரெசிஸ்டர் ரெசிஸ்டராக மைக்ரோ சேர்த்தது ஒரே ராத்திரியில் போய்விட்டது. மேசை மேல் செய்யும் எந்த அளவையிலும் இது தெரியாது, ஏனென்றால் என் மேசையில் ரூட்டர் எப்போதும் இருக்கிறது. வேண்டுமென்றே ரூட்டரை அணைத்துவிட்டு அளக்க வேண்டும் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஆறு நொடிக்குள் ரூட்டர் கிடைக்காவிட்டால் ஈரத்தின் எண்ணை ஆர்டிசி நினைவகத்தில் எழுதிவிட்டுத் தூங்கிவிடும். அதில் 8 கிலோபைட் இடம் இருக்கிறது, சில நாள் எண்களுக்குத் தாராளம். மூன்று தடவை தொடர்ந்து கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் எழும். ரூட்டர் வந்ததும் சேர்த்து வைத்ததையெல்லாம் அனுப்பிவிடும்.

சோலார் தகடு வைக்கவில்லை. அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மூடிய பெட்டிக்குள் 45 டிகிரிக்கு மேல் போனால் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. குடிப்பது இவ்வளவு குறைந்த பிறகு தகடே தேவையில்லை. பெட்டியை மோட்டார் கொட்டாய் ஓரம் வேப்ப மர நிழலில் கட்டி, சென்சாரின் வயரை மட்டும் பாத்திக்கு இழுத்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் நிறைந்த செல்லைப் போட்டேன், 4.18 வோல்ட். ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தபோது போனில் பார்த்தேன், 3.91. சராசரி 0.158 மில்லி ஆம்பியர் என்று நான் போட்ட கணக்குப்படி 740 மில்லி ஆம்பியர் மணி போயிருக்க வேண்டும், வோல்ட்டும் அதைத்தான் சொல்கிறது. அடுத்த பொங்கலுக்குக் கழற்றி சார்ஜ் செய்வதாக இருக்கிறேன்.

மாமா இன்னும் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தித்தான் பார்க்கிறார், வீட்டுப் பக்கத்துப் பாத்தியில். கடைசி வரப்புக்குப் போன் போதும் என்கிறார். ஆடிப்பெருக்கு சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "மாப்ள, மேக்கால தென்னங்கன்னு வச்சிகீறன். அங்கயும் ஒண்ணு கட்டிடு" என்றார். அந்த இரண்டாவது பெட்டிதான் இப்போது மேசையில். கிளிப் மாட்டியிருக்கிறது, நீல எல்இடி இப்போதுதான் அணைந்தது.